அவதி என்றால் விடுமுறை

மழை நாளில் கல்லூரியை மூடக் கேரளத்தில் ஒரு வரி அறிவிப்பு போதும். சிக்கல் அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது.

மலையாளத்தில் 'அவதி' என்றால் விடுமுறை. தமிழில் அதற்கு என்ன பொருள் என்று சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்தோ நெல்லையிலிருந்தோ கொச்சிக்குப் படிக்கப் போகிறவர்கள் முதல் மழைக்காலத்திலேயே இந்த வேடிக்கையைக் கண்டுகொள்கிறார்கள். 'நாளைக்கு அவதி' என்று விடுதியில் உற்சாகக் கூச்சல் எழும்போது அவர்கள் வேறு காரணத்துக்காகச் சிரிக்கிறார்கள். இரண்டாவது மழைக்காலத்தில் சிரிப்பு குறைந்துவிடுகிறது. சில நாட்களில் அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் சேர்ந்தே வரும் என்பது அதற்குள் புரிந்துவிடுகிறது.

மட்டாஞ்சேரியில் இது இன்னும் சீக்கிரம் புரியும். மேற்கே கடல், கிழக்கே காயல், இடையில் ராமேஸ்வரம் கால்வாய், கல்வத்திக் கால்வாய் என்று தண்ணீரோடு வாழ்கிற ஊர். இங்கே எவ்வளவு மழை பெய்தது என்பது பாதிக் கணக்குதான். கடல் ஏற்றம் இருக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் கால்வாய் நீர் காயலுக்கு வடியாது. காயல் நீர்தான் கால்வாய் வழியாகத் தெருவுக்கு வரும். அரை மணி நேர மழைக்கே சந்துகளில் தண்ணீர் நின்றுவிடும். ஏற்றம் தணிந்த நேரத்தில் அதைவிடப் பெரிய மழை பெய்தாலும் சற்று நேரத்தில் தரை தெரிந்துவிடும். வானிலை அறிக்கை மழையைச் சொல்கிறது. ஏற்றத்தைத் தெருக்காரர்கள்தான் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் பிறந்துவிட்டால் கல்லூரி மாணவர் இருக்கும் வீடுகளில் மாலை நேரத்து வேலை ஒன்று கூடிவிடுகிறது. தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளைப் பார்ப்பது. பிறகு கலெக்டரின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்ப்பது. பல நாட்களில் ஒன்றும் இருக்காது. இருக்கிற நாட்களில் வாசகம் ஏறக்குறைய ஒன்றேதான்: மாவட்டத்தில் அங்கன்வாடி முதல் தொழிற்கல்விக் கல்லூரிகள் வரை எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் நாளை விடுமுறை, முன்பே நிச்சயித்த தேர்வுகளில் மாற்றம் இல்லை.

முதல் பாதி, வெளியே போவது ஆபத்து என்கிறது. இரண்டாம் பாதி, தேர்வு இருந்தால் போய் வா என்கிறது. ஒரே மழை, ஒரே சாலை, ஒரே மாவட்டம். மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி வீட்டில் இருக்க வேண்டும். செமஸ்டர் தேர்வு எழுதும் அக்கா தோப்பும்படி பாலத்தைத் தாண்டி, வில்லிங்டன் தீவு, வெண்டுருத்தி, தேவரா என்று பஸ் பிடித்து எர்ணாகுளம் போய்ச் சேர வேண்டும். ஃபோர்ட் கொச்சியிலிருந்து படகில் போகலாம் என்றால், காற்றும் மழையும் கடுமையாக இருக்கும் நாளில் அதை நம்பிக் கிளம்ப முடியாது. கிளம்பியவர் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால், அன்றைய தாளைப் பொறுத்தவரை அவர் தேர்வுக்கு வராதவர். காரணம் கேட்கும் கட்டம் விடைத்தாளில் இல்லை.

இந்த முரண்பாட்டை யாரும் வேண்டுமென்று உண்டாக்கவில்லை. அது இரண்டு எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் வந்தது. 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தலைவர் கலெக்டர். மழை, வெள்ளம், மண்சரிவு என்று வந்தால் மாவட்டத்துக்குள் எதையும் மூடச் சொல்லும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. அந்த அதிகாரம் மாவட்ட எல்லையோடு முடிகிறது. பல்கலைக்கழகத்தின் எல்லையோ வேறு. மட்டாஞ்சேரி மாணவர்களில் பெரும்பாலோர் படிக்கும் கலை, அறிவியல் கல்லூரிகள் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. 1983-ல் தொடங்கிய இந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிப் பரப்பு கோட்டயம், எர்ணாகுளம், இடுக்கி மாவட்டங்களும் பத்தனம்திட்டா, ஆலப்புழை மாவட்டங்களின் சில பகுதிகளும். அதாவது ஐந்து கலெக்டர்கள். கடற்கரை, காயல், சமவெளி, மலை என்று நான்கு விதமான மழை. ஒரே ஒரு கேள்வித்தாள்.

எர்ணாகுளம் கலெக்டர் விடுமுறை விட்டு, கோட்டயம் கலெக்டர் விடவில்லை என்று வைத்துக்கொள்வோம். தேர்வை எர்ணாகுளத்துக்கு மட்டும் தள்ளிவைத்தால் இன்னொரு கேள்வித்தாள் தயாரிக்க வேண்டும். இரண்டு தாள்களும் ஒரே கடினத்தில் இருந்தனவா என்று பிறகு சண்டை வரும். எல்லா மாவட்டங்களுக்கும் தள்ளிவைத்தால் மழை இல்லாத ஊரில் மையத்துக்கு வந்துவிட்ட மாணவர்கள் திரும்பிப் போக வேண்டும். ஒரு தாள் தள்ளினால் திருத்தும் பணி தள்ளும், முடிவுகள் தள்ளும். முடிவுகள் தாமதமானால் வேறு மாநிலத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தவர் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் நிற்பார். ஆகவே தேர்வுப் பிரிவு அதிகாரிகளின் தயக்கத்துக்கு நியாயம் உண்டு. சில நாட்களில் பல்கலைக்கழகமே தேர்வை ஒத்திவைக்கவும் செய்கிறது. அந்தச் செய்தி தனியாக, வேறு நேரத்தில், வேறு வழியில் வருகிறது. கலெக்டரின் அறிவிப்பைப் பார்த்தவர் இதற்காக இன்னொரு வாசலில் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கும் இது பழக்கமான காத்திருப்புதான். வடகிழக்குப் பருவமழையில் கலெக்டர் ஒரு அறிவிப்பு விடுவார். அண்ணா பல்கலைக்கழகம் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்று என்று அடுத்தடுத்து வரும்.

அறிவிப்பு எந்த நேரத்தில் வருகிறது என்பது அடுத்த சிக்கல். 2022 ஆகஸ்ட் முதல் வாரத்தில் கேரளத்தில் அடுத்தடுத்து நடந்த இரண்டு சம்பவங்கள் இதற்கு நல்ல உதாரணம். ஆகஸ்ட் 3-ம் தேதி ஆலப்புழையில் புதிதாகப் பொறுப்பேற்ற கலெக்டரின் முதல் உத்தரவே மறுநாள் விடுமுறை என்பதுதான். குழந்தைகளுக்கு எழுதும் கடிதம் மாதிரி அதை அவர் ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். விடுமுறை விட்டாயிற்று என்று தண்ணீரில் குதிக்கப் போகாதீர்கள் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. மாநிலமே அதைப் படித்து மகிழ்ந்தது. மறுநாள் பக்கத்து மாவட்டமான எர்ணாகுளத்தில் விடுமுறை அறிவிப்பு வந்தபோது காலை எட்டரை மணி ஆகிவிட்டது. பல பிள்ளைகள் அதற்குள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் வழியில் இருந்தார்கள். வேலைக்குக் கிளம்பிவிட்ட பெற்றோர்கள் பாதித் தூரத்தில் திரும்பினார்கள். கண்டனம் வலுத்த பிறகு, திறந்துவிட்ட பள்ளிகளை மூட வேண்டாம் என்று விளக்கம் வந்தது. குழப்பம் தீர்வதற்குப் பதில் கூடியது. விடுமுறை அறிவிப்புக்கு வரைமுறை வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றத்துக்கு மனு போனது.

கலெக்டரின் நிலையில் இருந்து பார்த்தால் இது சுலபமான வேலை அல்ல. முதல் நாள் மாலை விடுமுறை விட்டு, மறுநாள் வெயில் அடித்தால் ஊர் கேலி செய்யும். விடாமல் இருந்து, மழை கொட்டினால் ஊர் திட்டும். அவர் கையில் இருப்பது இந்திய வானிலைத் துறையின் நிற எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் சுமார் ஆறரை முதல் பதினொன்றரை சென்டிமீட்டர் வரை 'கனமழை', மஞ்சள். அதற்கு மேல் 20 சென்டிமீட்டர் வரை 'மிகக் கனமழை', ஆரஞ்சு. அதையும் தாண்டினால் 'அதிகனமழை', சிவப்பு. இந்த நிறம் ஒரு முழு மாவட்டத்துக்கு. எர்ணாகுளம் மாவட்டம் செல்லானத்துக் கடற்கரையில் தொடங்கி கிழக்கே குட்டம்புழைக் காடு வரை போகிறது. கிழக்கே மலையில் கொட்டும் மழைக்கு மட்டாஞ்சேரியிலும், மட்டாஞ்சேரியில் ஏறும் கடலுக்குக் கிழக்கேயும் ஒரே நிறம்தான்.

நாள் கணக்கில் சொல்லும் எச்சரிக்கையால் மணிக் கணக்கில் நடப்பதைப் பிடிக்கவும் முடிவதில்லை. 2024 மே 28-ம் தேதி காலை களமசேரியில் ஒரே மணி நேரத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நகரத்தின் பல பகுதிகள் மூழ்கின. அந்த மழையை அளந்த கருவி இருந்தது கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தில். 1971-ல் நிறுவப்பட்ட 'குசாட்'டில் வளிமண்டலத்தை ஆராய்வதற்கென்றே தனி மையம் உண்டு. மேகங்களுக்கு மேலே காற்று எப்படி வீசுகிறது என்று பார்க்கும் ரேடார் 2017 முதல் அங்கே இயங்குகிறது. கேரளத்தில் மேகங்களின் தன்மையே மாறிவருகிறது, குறைந்த நேரத்தில் நிறையக் கொட்டும் மழை கூடுகிறது என்று சொல்லிவரும் ஆய்வாளர்கள் அங்கே இருக்கிறார்கள். மழையை நன்கு அறிந்தவர்கள் பல்கலைக்கழகங்களில்தான் இருக்கிறார்கள். ஆனால் மழை நாளில் பல்கலைக்கழகம் திறப்பதா மூடுவதா என்ற கேள்விக்கு விடை கலெக்டர் அலுவலகத்திலிருந்து வருகிறது.

பெருவெள்ளம் வந்தால் இந்தக் கேள்வியே எழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2018 ஆகஸ்டில் நானூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட வெள்ளத்தின்போது யாரும் தேர்வு அட்டவணையைத் தூக்கிப் பிடிக்கவில்லை. கொச்சி விமான நிலையமே ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக்கிடந்தது. அரசு ஓண விடுமுறையை முன்னுக்கு இழுத்து 17-ம் தேதியே பள்ளிகளை மூடியது. பல்கலைக்கழகங்கள் தேர்வுகளை ஒத்திவைத்தன. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் அப்படித்தான். கல்லூரித் தேர்வுகள் தள்ளிப்போயின, வெள்ளம் பாதித்த மாவட்டங்களின் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குப் போனது. எல்லோரும் மூழ்கும்போது முடிவெடுப்பது எளிது. கஷ்டம் நடுத்தரமான மழையில்தான் இருக்கிறது. பாதிப் பேர் வந்துவிட முடிகிற, மீதிப் பேர் வர முடியாத மழை. செல்லானத்தில் கடல் வீட்டுக்குள் வந்திருக்கும், எர்ணாகுளம் எம்.ஜி. ரோட்டில் கடைகள் திறந்திருக்கும். முன்னறிவிப்பில்லாமல் திருடனைப் போல ஏறிவரும் அலைக்குக் கடற்கரை மக்கள் வைத்த பெயர் 'கள்ளக்கடல்'. இன்று தேசியக் கடல் தகவல் மையத்தின் எச்சரிக்கையிலும் அதே பெயர்தான். கள்ளக்கடல் வந்த வீட்டின் மகளும் எர்ணாகுளத்துக்காரரின் மகனும் அதே நாளில் அதே தாளை எழுத வேண்டும்.

மூடுவது என்ற சொல்லே பல்கலைக்கழகத்துக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. பள்ளிக்கூடத்தை மணியடித்துப் பூட்டிவிடலாம். பல்கலைக்கழகத்தில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 2018-ல் காலடியில் இருக்கும் ஸ்ரீ சங்கராசார்ய சம்ஸ்கிருதப் பல்கலைக்கழகத்தைப் பெரியாறு சூழ்ந்துகொண்டது. மாணவர்களும் அக்கம்பக்கத்து மக்களுமாக நூற்றுக்கணக்கானவர்கள் வளாகத்துக்குள் சிக்கினார்கள். உணவும் உதவியும் கேட்டு வெளியுலகத்துக்குச் செய்திகள் பறந்தன. விடுமுறை விட்டாயிற்று என்பதால் விடுதிச் சமையல்காரர், காவலாளி, மின்பணியாளர் ஆகியோரின் வேலை நின்றுவிடவில்லை. அன்றைக்குத்தான் அவர்கள் அதிகம் தேவைப்பட்டார்கள். விடுமுறை அறிவிப்பில் அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. நாள் கணக்கில் ஊதியம் பெறும் கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றியும் இருப்பதில்லை. மாணவருக்குக் கிடைத்த விடுமுறை அவர்களுக்கு ஒரு நாள் சம்பளம் பற்றிய கவலை.

ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில் உள்ள தோபிகானாவில் இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். டச்சுக்காரர் காலத்தில் ராணுவத்தாரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் அங்கே கல்லில் துவைத்து, கயிற்றில் உலர்த்தி, தேய்த்துக் கொடுக்கிறார்கள். வெயில் இல்லாத நாளில் துணி உலராது. மழை அவர்களுக்கு ஒருபோதும் விடுமுறை தந்ததில்லை. வேலையைத் தாமதமாக்கி வருமானத்தைத்தான் குறைத்திருக்கிறது. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிறவருக்கு ஒரு தாளைத் தவறவிடுவது சின்ன விஷயமல்ல. மறுபடி கட்டணம் கட்ட வேண்டும், அடுத்த வாய்ப்புக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மழை எல்லோர் மேலும் ஒரே மாதிரிதான் பெய்கிறது. நஷ்டம் ஒரே மாதிரி விழுவதில்லை.

பனி கொட்டும் நாடுகள் இதில் நெடுநாள் அனுபவம் உள்ளவை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கடும் பனிப்பொழிவு நாட்களுக்கென்று எழுதிவைத்த விதிகள் உண்டு. வளாகத்தை மூடும் முடிவை யார் எடுப்பது, விடியற்காலையில் எத்தனை மணிக்குள் சொல்வது, மூடிய நாளிலும் வந்தே தீர வேண்டிய ஊழியர்கள் யார், அன்றைய தேர்வு எந்த நாளுக்குப் போகும், வளாகம் திறந்திருந்தாலும் தன் வீட்டு வழி ஆபத்தானது என்று கருதும் மாணவர் என்ன செய்யலாம் என்பதெல்லாம் பனிக்காலம் வருவதற்கு முன்பே பலருக்குத் தெரியும். பனி வந்த பிறகு அறிவிக்க வேண்டியது ஒன்றுதான்: இன்று திறப்பா, மூடலா. மற்றவை முன்பே முடிவானவை.

கோவிட் காலத்துக்குப் பிறகு அங்கே இன்னொரு வழியும் புகுந்தது. மூடுவானேன், வீட்டிலிருந்தே இணைய வகுப்பு நடத்தலாமே என்பது. நியூயார்க் நகரப் பள்ளிகள் 2024 பிப்ரவரி 13-ம் தேதி பனிப் புயலின்போது அப்படித்தான் செய்தன. காலையில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நுழைய முயன்றதில் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. கேரளத்திலும் 2020 ஜூன் முதல் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பாடம் நடத்திய அனுபவம் இருக்கிறது. ஆனால் மழை நாளில் முதலில் போவது மின்சாரம். அடுத்து போவது இணையம். சந்தில் தண்ணீர் நிற்கும் வீட்டில், கட்டில் மேல் சாமான்களை ஏற்றிவைத்துவிட்டு, இருக்கிற ஒரே கைபேசியில் வகுப்பைக் கவனிப்பது யாருக்குச் சாத்தியம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

வேறொரு வழி காஷ்மீரில் இருக்கிறது. அங்கே பனி எதிர்பாராத விருந்தாளி அல்ல. டிசம்பர் 21-ல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிருக்கு 'சில்லை கலான்' என்று பெயரே உண்டு. கல்வி நிலையங்களின் நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். 2022-ல் நாட்டின் பிற பகுதிகளைப் போல மார்ச் மாதத்தில் தேர்வு நடத்தலாம் என்று நிர்வாகம் மாற்றிப் பார்த்தது. பனிக்கு முன்பே தேர்வை முடித்துவிட்டு நிம்மதியாக விடுமுறைக்குப் போகும் பழைய முறையே நல்லது என்று பலர் வாதாடினார்கள். 2024-ல் ஒன்பதாம் வகுப்பு வரை பழைய முறையே திரும்பியது.

கேரளமும் இந்த வழியை யோசித்திருக்கிறது. 2025 ஜூலை இறுதியில் கல்வி அமைச்சர் வி. சிவன்குட்டி ஒரு விவாதத்தைத் தொடங்கிவைத்தார்: ஏப்ரல், மே மாதப் பள்ளி விடுமுறையை மழை வலுக்கும் ஜூன், ஜூலைக்கு மாற்றினால் என்ன? கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஜூன் முதல் தேதி பள்ளி திறப்பதும் பருவமழை தொடங்குவதும் அங்கே பல தலைமுறைகளாகச் சேர்ந்தே நடக்கின்றன. புதுக் குடையும் புதுப் பையும் ஒரே கடையில் வாங்குகிற வழக்கம். ஆனால் மழை காலண்டர் பார்ப்பதில்லை. 2018 வெள்ளம் ஆகஸ்டில். மூணாறு அருகே பெட்டிமுடியில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மண்ணில் புதைந்தது 2020 ஆகஸ்டில். கோட்டயம் மாவட்டம் கூட்டிக்கலில் மண்சரிவு 2021 அக்டோபரில். ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பு நடத்தலாம் என்றால் அங்கே வேறொரு பகை நிற்கிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் வெப்ப அலைக்காகக் கல்வி நிலையங்களை மூடச் சொல்ல வேண்டியிருந்தது. இது கேரளத்தின் பிரச்னை மட்டுமல்ல. 2024-ல் வெயிலாலும் வெள்ளத்தாலும் புயலாலும் படிப்பு தடைப்பட்ட மாணவர்கள் 85 நாடுகளில் குறைந்தது 24 கோடியே 20 லட்சம் பேர் என்று யுனிசெஃப் கணக்கிட்டது. ஆண்டில் பத்திரமான மாதங்கள் என்று சில இருந்தது ஒரு காலம்.

ஆகவே விடுமுறையை எந்த மாதத்துக்கு மாற்றினாலும் அந்த இரண்டாவது வரி மிச்சமிருக்கும். தேர்வுகளில் மாற்றம் இல்லை என்ற வரியைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதற்குப் புதிய கட்டடமோ பெரிய பணமோ வேண்டியதில்லை. பல்கலைக்கழகங்கள் மே மாதத்திலேயே சில விஷயங்களை எழுதி வெளியிட்டால் போதும்.

முதலாவது, நேரம். மறுநாள் தேர்வு உண்டா இல்லையா என்பதை இரவு இத்தனை மணிக்குள் சொல்வோம், அதற்குப் பிறகு நிலைமை மோசமானால் காலை இத்தனை மணிக்குள் சொல்வோம் என்ற உறுதி. இடுக்கி மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கும் மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டுகிறவருக்கும் கிளம்பும் நேரத்துக்கு முன்பே அது தெரிய வேண்டும். இரண்டாவது, தன் ஊர் இருக்கும் மாவட்டத்தில் விடுமுறை அறிவித்திருந்தால், அன்று தேர்வுக்கு வர முடியாதவருக்கு அபராதமில்லாமல், கட்டணமில்லாமல், அதே பருவத்துக்குள் மறுதேர்வு. இதற்காக ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு கேள்வித்தாள் தயாராக இருக்க வேண்டும். கூடுதல் வேலைதான், ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை மழை பெய்யும் ஊரில் இதை எதிர்பாராத செலவு என்று சொல்ல முடியாது. மூன்றாவது, தேர்வு மையம். 2020-ல் கோவிட் கட்டுப்பாடுகளின்போது மாணவர்கள் தாங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே தேர்வெழுதக் கேரளப் பல்கலைக்கழகங்கள் ஏற்பாடு செய்தன. தொற்றுக்குச் செய்ததை மழைக்கும் செய்யலாம். நான்காவது, வருகைப் பதிவு. கல்லூரி திறந்திருந்தும் வழியில் வெள்ளம் நின்ற நாளை, தேர்வெழுதத் தேவையான 75 சதவீத வருகைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கடைசியாக, விடுதி. மூடிய நாளில் உள்ளே இருப்பவர்களுக்குச் சோறு, குடிநீர், விளக்கு, மருந்து இவற்றுக்குப் பொறுப்பானவர் யார் என்று ஒரு பெயர்ப் பட்டியல்.

இதிலெல்லாம் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து உண்டு என்பார்கள். மழையைச் சாக்கிட்டுப் படிக்காதவர்களும் மறுதேர்வு கேட்பார்கள் என்ற பயம். கேட்கட்டும். மறுதேர்விலும் எழுதினால்தான் மதிப்பெண். நாலு பேர் ஏமாற்றிவிடுவார்கள் என்பதற்காக நாற்பது பேரை வெள்ளத்தில் நடக்கவிடுவது நல்ல நிர்வாகம் ஆகாது.

மலையாளத்தின் 'அவதி' வடமொழியிலிருந்து வந்தது. அங்கே அதற்கு எல்லை, குறித்த காலம், கெடு என்று பொருள். தமிழின் பழைய அகராதிகளிலும் அந்தப் பொருள் இருக்கிறது. வழக்கில்தான் துன்பம் மட்டும் மிஞ்சிவிட்டது. மழைக்காலத்தில் பல்கலைக்கழகங்களிடம் மாணவர்கள் கேட்பது இந்தப் பழைய பொருளைத்தான். எத்தனை மணிக்குள் சொல்வீர்கள், எது வரை பொறுப்பீர்கள் என்று ஒரு கெடு. அது தெரிந்துவிட்டால் மட்டாஞ்சேரியில் அந்த அக்கா இரவு பத்து மணிக்கு ஃபேஸ்புக்கை மூடிவிட்டுப் பாடத்தைத் திறக்கலாம். மழை அதன் பாட்டுக்குப் பெய்யட்டும்.